கொடுமுடிக் கோகிலம் கே.பி. சுந்தராம்பாள்

பெயருக்கு முன்னால் நாம் போடும் முதலெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். கே.பி. சுந்தராம்பாள் என்ற பெயரிலோ கே என்பது அவர் பிறந்த ஊரான கொடுமுடி. பி என்பது அவரைப் பெற்ற தாய் பாலாம்பாள். உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் பாடத்துக்காக இசை நாடகக் கலைஞர்களைப் பற்றித் தேடி வாசித்தபோது, முதலில் என் கவனத்தை ஈர்த்தது இந்த இரண்டு எழுத்துகள்தாம். ஊரையும் தாயையும் தவிர வேறு பின்பலம் எதுவும் இல்லாமல் வாழ்வைத் தொடங்கிய ஒரு பெண்ணின் கதை அவற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி பிறந்தார். காவிரிக் கரையில் உள்ள கொடுமுடி இன்று தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது. வீட்டில் கொடிய வறுமை. பிள்ளைகளை வளர்க்கத் தாய் பெரும் பாடுபட்டார். சிறுமியிடம் இருந்த ஒரே செல்வம் கணீரென்ற குரல். புகையிரதத்தில் ஏறிப் பயணிகள் முன்னே பாடுவார். அவர்கள் போடும் சில்லறைக் காசு வீட்டு அடுப்புக்கு உதவும். அவ்வாறு பாடிக்கொண்டிருந்த ஒரு நாளில் எப்.ஜி. நடேச ஐயர் அவருடைய பாட்டைக் கேட்டார் என்று வரலாறு கூறுகிறது. நடேச ஐயர் திருச்சிராப்பள்ளியில் புகையிரத நிர்வாகத்தில் உயர்ந்த உத்தியோகம் பார்த்தவர். நாடகத்தில் தீராத பற்றுள்ளவர். அவர் காட்டிய வழியில் சிறுமி வேலு நாயரின் நாடகக் கம்பனிக்குச் சென்று சேர்ந்தாள்.

அவள் முதலில் ஏற்ற வேடம் நல்லதங்காள் நாடகத்தில் நல்லதங்காளின் பிள்ளைகளில் ஒருவர். பஞ்சத்தால் வாடிய தாய் பெற்ற பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் சோகக் கதை அது. பசியை உண்மையாகவே அறிந்த ஒரு குழந்தை, பசித்த குழந்தையாக மேடையில் நின்று பாடியது. சபையோர் கண்கலங்கியதில் வியப்பில்லை.

அக்காலத் தமிழ் நாடகம் இன்று நாம் பாடசாலை மேடையில் காணும் நாடகத்தைப் போன்றதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்களில் வசனத்தைவிடப் பாட்டே முதன்மை பெற்றது. நாயகன் வேடம் ராஜபார்ட், நாயகி வேடம் ஸ்திரீபார்ட் எனப்பட்டது. ஸ்பெஷல் நாடகம் என்றொரு வகையும் இருந்தது. கொந்தராத்துக்காரர் வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்களைத் தனித்தனியே பேசி அழைப்பார். ஒத்திகை கிடையாது. நேரே மேடையில் சந்தித்து, ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டால் பதில் சொல்ல வேண்டும். ஒலிவாங்கியும் இல்லை. இரவு முழுவதும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கும்படி பாடினால்தான் அடுத்த ஊரில் அழைப்புக் கிடைக்கும். இந்தக் கடினமான பள்ளியில்தான் சுந்தராம்பாளின் குரல் உரம் பெற்றது.

இக்கதையில் எங்கள் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. இராமேஸ்வரத்தை அடுத்த தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம் அது. தென்னிந்திய நாடகக் குழுக்கள் அவ்வழியே வந்து இலங்கையில் தங்கி நாடகம் போட்டன. கொழும்பு ரசிகர்கள் சுந்தராம்பாளை மிக விரும்பினார்கள். 1926ஆம் ஆண்டளவில் கொழும்பு மேடையில்தான் அவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்தார்.

கிட்டப்பா 1906இல் பிறந்தவர். அக்காலத்து ராஜபார்ட் நடிகர்களில் பெரும் புகழ் பெற்றவர். சாதாரணமாக ஆண்கள் ஒன்று, இரண்டு கட்டைச் சுருதியில் பாடுவார்கள். கிட்டப்பாவோ பெண்களைப் போல ஐந்து கட்டையில் அநாயாசமாகப் பாடுவார். அத்தகையவருடன் பாடி ஈடுகொடுக்க முடியுமா என்று பலர் ஐயப்பட்டார்கள். ஆனால் இருவரும் ஒரே சுருதியில் பாடக்கூடியவர்களாக இருந்ததால் ஒருவருக்காக மற்றவர் குரலைத் தாழ்த்த வேண்டிய தேவையே வரவில்லை. போட்டியைப் பார்க்க வந்த சபை பொருத்தத்தைக் கண்டு திரும்பியது. அதன் பின் இந்த இணைக்குத் தமிழ்நாடெங்கும் அழைப்பு வந்தது.

1927இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். ஆகவே மேடையில் கண்ட பொருத்தம் வீட்டில் நிலைக்கவில்லை. பிணக்கும் பிரிவும் கடிதங்களும் மீண்டும் சேர்தலுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. கிட்டப்பாவின் உடல்நலம் குன்றியது. 1933 டிசம்பர் 2ஆம் திகதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று முதல் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை மட்டுமே உடுத்தினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அந்த உறுதியைச் சாகும்வரை, சுமார் 47 ஆண்டுகள் காத்தார்.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் இதைக் கணவன்மீது கொண்ட பக்தியின் அடையாளமாகக் காட்டி அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அந்த அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்கும்போது எனக்கு வேறொன்றும் தெரிகிறது. சில காலம் ஒதுங்கியிருந்த அவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடவில்லை. தொழிலுக்குத் திரும்பினார். நடிகை என்றாலே ஏளனமாகப் பார்த்த சமூகம் அது. இளம் விதவை என்றால் இன்னும் மோசமாகப் பேசும். அப்படிப்பட்ட இடத்தில் தான் எந்த வேடத்தை ஏற்பேன், எதை ஏற்கமாட்டேன் என்பதைத் தானே தீர்மானித்து, அந்த நிபந்தனையை எல்லோரையும் ஏற்கச் செய்தார். முன்பு பசி அவரைப் பாட வைத்தது. பிறகு கொந்தராத்துக்காரர்கள் பாட வைத்தார்கள். இப்போது அவர் தம் விருப்பப்படி பாடினார்.

1935இல் வெளிவந்த நந்தனார் திரைப்படம் இதற்கு நல்ல சான்று. நாயகியாக நடிக்க மறுத்தவர், நந்தன் என்ற ஆண் வேடத்தையே ஏற்றார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராக நடித்தார். சுந்தராம்பாளுக்குக் கொடுத்த சம்பளம் ஒரு இலட்சம் ரூபா. அக்காலத்தில் எவரும் கேட்டிராத தொகை அது. படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. எழுத்தாளர் கல்கி, அதில் பனைமரமும் எருமையுமே நன்றாக நடித்திருந்தன என்ற பொருளில் கேலியாக விமர்சனம் எழுதினார். ஆயினும் சில்லறைக் காசுக்காகப் புகையிரதத்தில் பாடிய சிறுமி தன் குரலுக்குத் தானே விலை சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார் என்பதை எந்த விமர்சனமும் மாற்றவில்லை.

பின்னர் அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள். 1940இல் துறவு பூண்ட மணிமேகலை. 1953இல் ஜெமினி நிறுவனத்தின் ஔவையார். 1964இல் பூம்புகார் படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள். 1965இல் திருவிளையாடல் படத்தில் மீண்டும் ஔவையார். பெண்ணுக்குக் காதலியாகவும் மனைவியாகவுமே இடம் கொடுத்த திரையுலகில், அவருடைய உறுதிக்கு ஏற்றபடி வேடங்கள் தேடி வந்தன. பூம்புகாருக்குக் கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதினார். சுந்தராம்பாளோ காங்கிரஸ்காரர், ஆழ்ந்த இறைபக்தி உள்ளவர். பாட்டின் ஒரு வரி தம் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று அவர் பாட மறுத்ததாகவும், அவருக்காக அந்த வரி மாற்றப்பட்டதாகவும் சொல்வார்கள்.

அவருடைய குரல் அரசியல் மேடையிலும் ஒலித்தது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் சத்தியமூர்த்தி முதலிய தலைவர்களின் ஊக்கத்தால் கதர் உடுத்தித் தேசியப் பாடல்களைப் பாடினார். காங்கிரசுக்காகத் தேர்தல் பிரசாரம் செய்தார். 1951இல் சென்னைச் சட்ட மேலவைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக் கலைஞர் அவரே என்று கூறுவர். துணைவன் படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980இல் மறைந்தார்.

எங்கள் உம்மம்மாவிடம் இவரைப் பற்றிக் கேட்டேன். படம் பார்த்த ஞாபகம் அவருக்கு அதிகம் இல்லை. ஆனால் வானொலியில் அந்தக் குரல் வந்தால், பெயர் சொல்லுமுன்பே யாரென்று தெரிந்துவிடும் என்றார். சொற்களை மென்று விழுங்காமல், ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்திப் பாடும் முறை அது. ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்காகப் பழகிய அந்தத் தெளிவு, ஒலிவாங்கி வந்த பின்னும் அவரை விட்டுப் போகவில்லை.

சுந்தராம்பாளைப் போல வாழ வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. 25 வயதுப் பெண்ணொருத்தி வாழ்நாள் முழுவதும் வெள்ளைச் சேலையில் இருக்க வேண்டும் என்று எந்தத் தோழிக்கும் நான் விரும்பமாட்டேன். அவர் கொடுத்த விலை பெரிது. ஆனால் துயரம் வந்தபோது தம் திறமையைப் புதைத்துவிடாமல், தமக்கு மரியாதையான ஒரு வழியைத் தாமே வகுத்துக்கொண்டு உழைத்தார். அதை நாம் படிக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகளிடம் பாட்டோ எழுத்தோ கணிதமோ தையலோ, ஏதேனும் ஒரு திறமை இருக்கலாம். அதை வைத்து அவள் எவ்வளவு உயரம் போவாள் என்று கேட்பதற்கு முன்னர், எந்த நிபந்தனையில் அவள் அதைச் செய்ய விரும்புகிறாள் என்று அவளிடமே ஒரு முறை கேளுங்கள். கொடுமுடிச் சிறுமியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இருக்கவில்லை. அதற்கான பதிலை அவர் தாமே தேடிக் கண்டுபிடிக்க 25 ஆண்டுகள் சென்றன.