பகைக்காகக் காய்ச்சிய பீர்



தலைப்பைப் பார்த்ததும் சிலர் முகம் சுளிக்கலாம். குடியினால் பாழாகும் குடும்பங்களை வாரந்தோறும் சந்திக்கிற பங்குப் பணியாளன் பீரைப் பற்றி எழுதலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்ல வருவது குடித்தவரைப் பற்றி அல்ல. பீரின் சுவையே பிடிக்காத ஒரு மனிதர், ஐம்பது வயதை நெருங்கும்போது, இடது கையும் காலும் சரிவர இயங்காத நிலையில், பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டதைப் பற்றி. அவர் பெயர் லூயி பாஸ்டர்.

நாய்க்கடிக்குப் போடும் ஊசியோடு சேர்த்து இந்தப் பெயரை நாம் அறிவோம். குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட ஆய்வு நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நமது மறையுரைகளில் இன்னொரு பாஸ்டரும் வருவார். ரயிலில் செபமாலை சொல்லிக்கொண்டு வந்த முதியவரை ஓர் இளைஞன் கேலி செய்ய, இறங்கும்போது முதியவர் நீட்டிய அட்டையில் பாஸ்டர் என்ற பெயர் இருந்ததாகச் சொல்வோம். இளங்குருவாக இருந்தபோது நானும் சொல்லியிருக்கிறேன். சான்றில்லாத கதை என்று தெரிந்தபின் விட்டுவிட்டேன். உண்மையான பாஸ்டரின் வாழ்வில் நாம் சிந்திப்பதற்கு இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது.

பிரான்சு நாட்டின் தோல் என்ற ஊரில் 1822 டிசம்பர் 27 அன்று பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. அதற்கு முன் நெப்போலியனின் படையில் வீரராக இருந்து விருது பெற்றவர். அந்த வீட்டில் நாட்டுப்பற்று வழிபாட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்தது. 1849-இல் ஸ்டிராஸ்பர்க் நகரில் மரி லோரானை மணந்தார். ஐந்து பிள்ளைகள். 1859-க்கும் 1866-க்கும் இடையே மூன்று மகள்களை அடக்கம் செய்தார். அவர்களில் இருவரைக் கொண்டுபோனது டைபாய்டு. 1868 அக்டோபரில் வாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்தது. படுக்கையில் இருந்துகொண்டே பட்டுப்புழு ஆராய்ச்சிக் குறிப்புகளைச் சொல்லி எழுதவைத்தார்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரான்சு தோற்றது. அவருடைய ஒரே மகன் ழான் பாப்திஸ்த் படையில் இருந்தார். கிழக்கே பின்வாங்கிய படை பனியில் சிதைந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, 1871 ஜனவரியில் பாஸ்டரும் மனைவியும் ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு மகனைத் தேடிப் புறப்பட்டார்கள். கந்தலும் காயமுமாய் நடந்துவரும் வீரர்களை நிறுத்தி நிறுத்தி விசாரித்தார்கள். போந்தார்லியே ஊரருகே ஒரு வண்டியில், நோயுற்ற நிலையில், மகன் கிடைத்தார்.

அதே மாதத்தில் இன்னொன்றும் செய்தார். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் 1868-இல் அவருக்கு மதிப்புறு மருத்துவர் பட்டம் அளித்திருந்தது. அந்தப் பட்டத்தைக் கடுஞ்சொற்களோடு திருப்பி அனுப்பினார். அங்கிருந்து வந்த பதிலும் இகழ்ச்சியாகவே இருந்தது. படித்தவர்கள் சண்டையிட்டால் தபால்காரருக்கும் வேலை அதிகம்.

பீருக்கு இப்போது வருகிறோம். அந்நாளில் சிறந்த பீர் ஜெர்மானியரிடமே இருந்தது. தம்மிடம் பீரங்கி இல்லை, அறிவு இருக்கிறது, எதிரியை அவன் பீரிலேயே வெல்வது என்று முடிவு செய்தார். 1871-இல் எடுத்த காப்புரிமையில், தம் முறைப்படி காய்ச்சிய பீர் நாட்டின் பழிதீர்க்கும் பீர் என அழைக்கப்பட வேண்டும் என்றே விரும்பினார்.

ஆனால் அவருக்குப் பீர் காய்ச்சத் தெரியாது. மத்திய பிரான்சின் கிளெர்மோன் நகரில் தம் மாணவர் எமில் துக்ளோவின் வீட்டில் தங்கி, பக்கத்து ஊரான ஷாமாலியேரில் இருந்த சிறிய பீர் ஆலைக்குப் போய்த் தொழிலாளிகளிடம் கேட்டுக் கற்றார். வாற்கோதுமையை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துவார்கள். அதை நொறுக்கி ஏறக்குறைய 65 பாகைச் சூடான நீரில் ஊறவிட்டால், தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புச் சாற்றை வடிகட்டி, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்ப்பார்கள். சொல்வதற்கு எளிது. கோடையில் இட்லி மாவு ஒருநாள் அழகாகப் பொங்கி மறுநாள் புளித்து நாறுவதைப் பார்த்த நம் தாய்மார்களுக்குத் தெரியும், எங்கே சறுக்கும் என்று.

பாரிஸ் திரும்பியதும் தம் ஆய்வகத்திலேயே சிறு சிறு அளவில் காய்ச்சத் தொடங்கினார். காய்ச்சுவது, கெட்டுப்போனால் நுண்ணோக்கியில் பார்ப்பது, மீண்டும் காய்ச்சுவது. நாக்கு உதவவில்லை. ஒரு பீருக்கும் இன்னொரு பீருக்கும் வேறுபாடு அவருக்குத் தெரியாது. சுவை பார்த்தவர் பள்ளிக்காலத்து நண்பர் பெர்தான்; முதலில் நல்ல பீர் கொடு, பிறகு பாடம் நடத்து என்று கிண்டல் செய்பவர்.

கண்டுபிடித்தது இதுதான். கொதிக்கும் சாற்றில் கிருமி இல்லை. அது திறந்த தொட்டியில் ஆறும்போதும், அசுத்தமான ஈஸ்ட் சேரும்போதும்தான் கேடு நுழைகிறது. திராட்சை இரசத்தைப் போலச் சூடாக்கிக் காப்பாற்றலாம் என்றால் பீரின் புத்துணர்வு குறைகிறது. ஆகவே மூடிய கலத்தில், தூய காற்றோடு ஆறவைத்து, தூய ஈஸ்டைச் சேர்க்க வேண்டும். இன்று மேலை நாடுகளில் வீட்டுச் சமையலறையில் இருபது லிட்டர் அளவில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவதும் அதுவே: கொதித்தபின் சாற்றைத் தொடுகிற எதுவும் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும், சாறு விரைவில் ஆற வேண்டும்.

1871 செப்டம்பரில் இலண்டன் சென்று விட்பிரட் என்ற பெரிய ஆலையில் ஈஸ்டைக் கேட்டு வாங்கி நுண்ணோக்கியில் பார்த்தார். கேடு விளைவிக்கும் இழைகள் அதில் நெளிந்தன. வெளிநாட்டார் ஒருவர் தங்கள் ஈஸ்டில் குறை கண்டதைக் கேட்டு ஆலையினர் திகைத்தாலும், ஒரு வாரத்துக்குள் தாங்களே ஒரு நுண்ணோக்கி வாங்கிவிட்டார்கள். 1876-இல் பீரைப் பற்றிய ஆராய்ச்சி நூல் வெளிவந்தது. அதைத் தம் தந்தைக்கு, அந்த முன்னாள் படைவீரருக்கு, காணிக்கையாக்கினார்.

நூல் வெளிவந்தபின் நடந்தது அவர் எதிர்பாராதது. பிரெஞ்சு ஆலைகளைவிட அதிக ஆர்வத்தோடு பற்றிக்கொண்டவர் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆலை உரிமையாளர் ஜேகப்சன். அவர் 1875-இல் அமைத்த ஆய்வகத்தில் எமில் ஹான்சன் பாஸ்டரின் வழியில் மேலும் நடந்து, 1883-இல் ஒரே ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். பாஸ்டர் கவனிக்காத ஒன்றையும் காட்டினார்: கிருமிகள் மட்டுமல்ல, காட்டு ஈஸ்டும் பீரைக் கெடுக்கும். ஜேகப்சன் அந்தத் தூய ஈஸ்டை விலைக்கு விற்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார். அந்த ஈஸ்டின் பூர்வீகம் எது? 1845-இல் ஜேகப்சன் மியூனிக்கிலிருந்து, குதிரை வண்டி நின்ற இடமெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றிக் கொண்டுவந்தது. ஜெர்மானிய ஈஸ்ட்! பெண் எடுத்து மாவில் வைத்த புளிப்புமாவைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை எனக்கு நினைவுக்கு வருகிறது. மாவில் வைத்தபின் புளிப்பு யாரையும் கேட்டுப் பரவுவதில்லை.

பாஸ்டரின் பகை ஆறியதா? ஆறவில்லை. 1885-இல் வெறிநாய்க்கடிக்கு அவர் முதன்முதலாக ஊசி போடச் செய்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டர், போரில் பறிபோன அல்சாசிலிருந்து வந்தவன். அந்த இழப்பு அவர் கண்முன் நின்றது. இறக்கும் ஆண்டிலும் பெர்லினிலிருந்து ஓர் உயர்ந்த விருது அளிக்க விருப்பம் தெரிவித்தபோது மறுத்துவிட்டார். பகைவரை அன்பு செய்யும் கட்டளையில் அவர் தவறினார் என்றே நான் கருதுகிறேன். மகனைப் பனியில் தேடிய தந்தையிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வருமா என்பது வேறு. நம் பங்குகளிலும் பார்க்கிறோம். வரப்புத் தகராறில் இரண்டு தலைமுறையாகப் பேசாத வீடுகள், எதிர்வீட்டான் முன் தலைநிமிர வேண்டும் என்றே பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியிருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் கற்ற மருத்துவம் எதிர்வீட்டாருக்கும்தான் பயன்படுகிறது. ஆனால் தெருவைக் கடக்கும் கால் மட்டும் வருவதில்லை.

அவரை ஞாயிறு தவறாத பக்தர் என்று சொல்ல இயலாது. பேரனே அப்படிச் சொல்லவில்லை. 1895 செப்டம்பர் 28 அன்று இறந்தபோது ஒரு கை மனைவியின் கையிலும் மறுகை சிலுவையிலும் இருந்ததாக மருமகன் எழுதிய வரலாறு கூறுகிறது. பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் அடக்கத் திருவழிபாடு நடந்தது.

இன்னொரு செய்தி. மாக்ஸ் ரீஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் ஓர் ஈஸ்ட் இனத்துக்குச் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ் என்று பாஸ்டரின் பெயரைச் சூட்டினார். இன்று உலகெங்கும், மியூனிக் நகரிலும், லாகர் பீரைப் பொங்கவைக்கும் ஈஸ்டுக்கு அதுவே பெயர். அவர் அந்தப் பெயரைச் சூட்டிய ஆண்டு 1870.