தத்துவ போதகர்

நுழையும்முன்

கடல் கடந்து வந்து, தமிழ் கற்று, தமிழ் மண்ணின் துறவியாகவே வாழ்ந்தவர் இராபர்ட் டி நொபிலி. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தாம் உழைத்த மதுரைப் பணித்தளத்தைக் கண்ணொளி குன்றிய நிலையில் அவர் பிரிய நேர்ந்தது. முதுமையும் நோயும் சூழ்ந்த அக்காலத்தை அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் வருகையும்

இத்தாலி நாட்டில் உயர்குடி ஒன்றில் 1577 ஆம் ஆண்டு பிறந்தவர் இராபர்ட் டி நொபிலி. செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி இயேசு சபையில் சேர்ந்து துறவு பூண்டார். 1605 ஆம் ஆண்டு கோவாவை அடைந்தார். கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் சிலகாலம் தங்கியபின், 1606 ஆம் ஆண்டின் இறுதியில் மதுரைக்கு வந்தார்.

அங்கு அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் குரு பல்லாண்டுகள் பணியாற்றி வந்தார். எனினும் உள்ளூர் மக்கள் அவருடைய சமயத்தை ஏற்க முன்வரவில்லை. போர்த்துக்கீசியரை மக்கள் பறங்கியர் என்றழைத்தனர். அவர்தம் உணவும் பழக்கவழக்கங்களும் அவர்களுக்கு அருவருப்பைத் தந்தன. கிறித்தவராவது பறங்கியராவதே என்று எண்ணி அவர்கள் விலகி நின்றனர். இதனை நொபிலி விரைவில் உணர்ந்துகொண்டார்.

துறவுக்கோலமும் தமிழ்க்கல்வியும்

தம் கறுப்பு அங்கியைக் களைந்து காவியுடை அணிந்தார்; மரப்பாதுகை பூண்டார்; புலால் நீக்கி ஒருவேளை உணவே உண்டார். தமிழோடு வடமொழியும் தெலுங்கும் கற்றார். சிவதருமர் என்னும் அறிஞர் அவருக்கு வடமொழி கற்பித்தார். மெய்ப்பொருளை எடுத்துரைத்த அவரை மக்கள் தத்துவ போதகர் என்று போற்றினர்.

அக்காலக் கிறித்தவத் தமிழில் போர்த்துக்கீசியச் சொற்கள் ஒலிபெயர்ப்பாகவே மிகுதியாகக் கலந்திருந்தன. அவற்றுக்கு மாற்றாகத் தமிழ்நாட்டில் வழங்கிய கோவில், பூசை, அருள், குரு, வேதம் முதலிய சொற்களை அவர் ஆண்டார். செய்யுளே கோலோச்சிய அந்நாளில் ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம் முதலிய நூல்களை உரைநடையில் படைத்தார்.

எதிர்ப்பும் குறையும்

அவர் முறைக்கு எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் எழவில்லை, சபைக்குள்ளிருந்தும் எழுந்தது. குடுமியையும் பூணூலையும் ஏற்பது சமயத்திற்கு மாறானது என்று குற்றம் சாட்டப்பட்டார். 1619 இல் கோவாவில் கூடிய அவையில் அவர் கடும் கண்டனத்திற்கு உள்ளானார். ஆண்டுகள் பல நீடித்த அவ்வழக்கு, 1623 ஆம் ஆண்டு சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அளித்த இசைவால் முடிவுக்கு வந்தது. அதன்பின் திருச்சிராப்பள்ளி, சேலம் பகுதிகளிலும் அவர் பணி விரிந்தது. 1640 இல் மதுரையில் சிறைவாசமும் அவருக்கு நேர்ந்தது.

சாதிப் பிரிவினையை எதிர்க்காமல் அதனை ஏற்று நடந்தார் என்னும் குறையும் அவர்மீது கூறப்படுகிறது. ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணியாற்றப் பண்டார சுவாமிகள் என்னும் தனிக் குருக்கள் பிரிவு பின்னர் ஏற்பட்டது. அவர் வாழ்வை மதிப்பிடுவோர் இதனையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

ஒளி குன்றிய நாள்கள்

ஓலைச்சுவடிகளோடு வாழ்ந்த அவருடைய கண்கள் முதுமையில் ஒளியிழந்தன. உடல்நலமும் குன்றியது. நெடுவழி நடந்து ஊர்தோறும் மக்களைச் சந்திக்க இயலாத நிலை வந்தது. எனவே, மதுரைப் பணியிலிருந்து விலகுமாறு தலைவர்கள் பணித்தனர். தம்முறையைக் காக்க ஆண்டுக்கணக்கில் வாதிட்ட அவர், இக்கட்டளைக்குப் பணிந்தார். முதலில் யாழ்ப்பாணத்திற்கும், 1648 அளவில் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார்.

அவ்விரண்டு ஊர்களும் அன்று போர்த்துக்கீசியர் ஆட்சிக்கு உட்பட்டவை. பறங்கியர் என்னும் பெயரிலிருந்து விலகி நிற்கவே வாழ்நாளெல்லாம் முயன்றவர், இறுதிக்காலத்தை அவர்கள் ஆண்ட நகரில் கழிக்க நேர்ந்தது. அங்கே அவர் பழைய உடையை மீண்டும் அணிந்து, வசதியாக வாழ்ந்திருக்கலாம். எவரும் அதனைப் பழித்திருக்கமாட்டார். ஆயினும் எளிய குடில் ஒன்றில் மாணாக்கர் சிலருடன் தங்கி, மதுரையில் மேற்கொண்ட துறவுநெறியையும் மரக்கறி உணவையுமே தொடர்ந்தார். மக்களை ஈர்ப்பதற்கான வேடமன்று அது, அவர் உளமார ஏற்ற வாழ்வே என்பதை அம்முதுமை மெய்ப்பித்தது.

பார்வை இழந்தும் எழுத்துப்பணி நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல உடனிருந்தோர் எழுதினர். முன்பு எழுதிய நூல்கள் திருத்தம் பெற்றன. 1656 ஆம் ஆண்டு சனவரி 16 அன்று, தம் எழுபத்தெட்டாம் வயதில் மயிலாப்பூரில் அவர் மறைந்தார்.

அவர் வகுத்த வழியில் பின்வந்தோர் பலர். 1693 இல் ஓரியூரில் உயிர்நீத்த அருளானந்தரும், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர். தமிழ் உரைநடை வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் தத்துவ போதகரின் பெயர் நிலைத்து நிற்கிறது.

கற்பவை கற்றபின்

1. பிறமொழிச் சொற்களுக்கு மாற்றாக இன்று வழக்கில் உள்ள தமிழ்ச்சொற்கள் பத்தினைத் தொகுத்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

2. முதுமையாலோ நோயாலோ பணியிலிருந்து ஓய்வுபெற்ற உங்கள் பகுதிப் பெரியவர் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் பணி அனுபவங்களைக் கட்டுரையாக எழுதுக.