ஈக்களை எண்ணிய அகதிப் பெண்

1933இல் ஜேர்மனியில், யூதர் என்பதற்காக வேலை பறிக்கப்பட்ட ஆசிரியர்களில் ஷார்லொட் அவுர்பாக்கும் ஒருவர். அவருக்கு வயது 34. பேர்லினை விட்டு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகருக்கு வந்தார். அந்நிய மொழியில் மீண்டும் மாணவியாகி 1935இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு அங்குள்ள விலங்குப் பரம்பரையியல் நிறுவகத்திலேயே சொற்ப சம்பளத்தில் உதவியாளரானார். 1939இல் தாயாரும் வந்து சேர்ந்தார். இதுவரையான கதை எம்மில் பலருடைய வீடுகளிலும் உண்டு.

எக்ஸ் கதிர்கள் பழ ஈக்களில் மரபணு விகாரங்களை உண்டாக்கும் என்று 1927இல் காட்டிய ஹேர்மன் முல்லர், 1937இல் எடின்பரோவுக்கு வந்தார். இரசாயனங்களும் அதைச் செய்யுமா என்று தேடும்படி அவுர்பாக்கைத் தூண்டியவர் அவர்தான். கடுகு வாயுவின் புண்கள் எக்ஸ் கதிர்ப் புண்களை ஒத்திருந்ததால், மருந்தியலாளர் ரொப்சனுடன் சேர்ந்து 1940இல் அந்த வாயுவைச் சோதிக்கத் தொடங்கினார். கட்டடத்தின் கூரையில் நடந்த அந்த வேலையில் அவரது கைகள் வெந்தன.

ஆனால் பெரிய சிக்கல் வேறு. விகாரங்கள் தாமாகவும் தோன்றும். ஆயிரத்தில் ஒன்றிரண்டு எப்படியும் வரும். வாயு கூடினால் ஈக்கள் இறக்கும், அல்லது மலடாகும். குறைந்தால் எதுவும் தெரியாது. பார்ப்பவரின் கண்ணுக்கேற்ப எண்ணிக்கையும் மாறலாம். ஆகவே வாயு படாத ஈக்களையும் அதே முறையில் வளர்த்து எண்ணினார். முல்லர் வகுத்த முறைப்படி, வாயு பட்ட ஆண் ஈயின் ஒவ்வொரு எக்ஸ் நிறமூர்த்தத்தையும் தனித்தனிப் போத்தலில் பேரப்பிள்ளைகள் வரை தொடர்ந்தார். உயிர்கொல்லும் விகாரம் ஏற்பட்டிருந்தால் அந்தப் போத்தலில் ஆண் ஈயே இராது. ஆண் உண்டா, இல்லையா என்ற ஒரே கேள்வி, ஊகத்துக்கு இடமில்லை.

வாயு பட்ட ஈக்களில் விகாரங்கள் பல மடங்கு பெருகியிருந்தன. 1941இல் அமெரிக்காவிலிருந்து முல்லர் தந்தியில் வாழ்த்தினார். ஆனால் கடுகு வாயு போர்க்கருவி என்பதால் முடிவு இரகசியமாக்கப்பட்டது. 1946இல்தான் உலகம் அறிந்தது. 1957இல் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1976இல் டார்வின் பதக்கம் வழங்கியது. 1994இல் எடின்பரோவிலேயே காலமானார்.

இன்று புதிய மருந்தொன்று எமது கைக்கு வருமுன், அது மரபணுக்களைக் கெடுக்குமா என்று சோதிக்கிறார்கள். மருந்து படாத உயிரணுக்களோ விலங்குகளோ அருகில் வைத்து எண்ணப்படுகின்றன. எமது பிள்ளைகள் விழுங்கும் மாத்திரைக்குப் பின்னால், வேலையும் நாடும் இழந்து வந்து பொறுமையாக ஈக்களை எண்ணிய ஒரு பெண்ணின் உழைப்பும் இருக்கிறது. முப்பத்தைந்து வயதில் புதிய மொழியில் பாடப்புத்தகம் திறக்கும் எம்மவருக்கு இவரைச் சொல்லி வைப்போம்.