ஊட்டியில் இருப்புக் கொள்ளாத பர்ட்டன்!

ஊட்டிக்கு வந்தவர்களுக்குத் திரும்பிப் போக மனம் வராது. ஆனால், ஓய்வெடுக்க வந்த ஒருவர், லீவு முடியும் முன்பே அலுத்துப்போய் மலையை விட்டு இறங்கிவிட்டார்!

அவர்தான் சர் ரிச்சர்டு பர்ட்டன்.

அடங்காத பிள்ளை

பர்ட்டன் 1821-ல் இங்கிலாந்தில் பிறந்தார். பிரான்சிலும் இத்தாலியிலும் வளர்ந்தார். சிறு வயதிலேயே யாருக்கும் அடங்கமாட்டார்.

ஆக்ஸ்போர்டில் படிக்க அனுப்பினார்கள். போகக்கூடாது என்று கல்லூரி தடுத்திருந்த குதிரைப் பந்தயத்துக்குப் போனார். 1842-ல் கல்லூரியை விட்டே விரட்டப்பட்டார்.

படிப்பு வராதவரா? இல்லை! பிடித்த பாடம் என்றால் விடமாட்டார். கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து பம்பாய்க்கு வந்ததும், இந்துஸ்தானி, குஜராத்தி, மராத்தி என்று அடுத்தடுத்துக் கற்றார். வாழ்நாளில் அவர் கற்ற மொழிகள் 25-க்கு மேல்!

நீலகிரியில்

1847-ல் உடல்நலம் கெட்டு, கோவா, மலையாள நாடு வழியாக ஊட்டிக்கு வந்தார். தோடர், படகர், கோத்தர் வாழ்க்கையைப் பார்த்தார். இத்தலார் போன்ற படகர் ஊர்கள் நிறைந்த அந்தக் குளிர்ந்த மலை, பிறருக்குச் சொர்க்கம், அவருக்குச் சிறை! பம்பாய்க்குத் திரும்பி, பாரசீகப் பரீட்சை எழுதித் தேறினார்.

1853-ல் மாறுவேடத்தில் மெக்கா சென்றார். 1855-ல் சோமாலியாவில் ஒரு ஈட்டி அவர் கன்னத்தைத் துளைத்தது. 1858-ல் ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியைக் கண்டார்.

முதுமையிலும் ஒரு வேலையோடு நிற்கவில்லை. அறையில் பல மேஜைகள் போட்டு, மேஜைக்கு ஒரு புத்தகமாக எழுதினார். 1890-ல் காலமானார்.

நோயா?

பர்ட்டனுக்கு நோய் இருந்ததா? இறந்தவரைச் சோதித்துச் சொல்ல முடியாது. ஆனால், மனம் ஒன்றில் நிலைக்காமல், நினைத்ததை உடனே செய்து, வேலையைப் பாதியில் விடும் குறை ஒன்று உண்டு. கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் கோளாறு என்று அதற்குப் பெயர். சிறு வயதில் தொடங்கும். பலருக்கு வளர்ந்த பிறகும் நீடிக்கும்.

மனச்சோர்வு, தூக்கமின்மை, குடிப்பழக்கம் என்று மனநல டாக்டரிடம் வரும் சிலருக்கு, அடியில் இந்தக் குறை மறைந்திருக்கும். அதனால் டாக்டர்கள் அவர்களுடைய குழந்தைப் பருவத்தையும் விசாரிக்கிறார்கள். மருந்தும் பயிற்சியும் பலன் தருகின்றன.

பர்ட்டன் ஓடுவதற்கு உலகமே இடம் கொடுத்தது. தேயிலைத் தோட்டத்திலோ ஆபீசிலோ வேலை பார்ப்பவர் எங்கே ஓடுவார்? அவருக்குக் கிடைப்பது உருப்படாதவன் என்ற பெயர்தான்!

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், திட்டுவதற்கு முன்பு டாக்டரிடம் அழைத்துச் செல்வது நல்லது.