முன்சீப் கேட்ட கேள்வி

1880-ஆம் வருஷம். சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்தார். கல்லூரியில் அந்த வருஷம்தான் தமிழாசிரியராக அமர்ந்த ஓர் இளைஞர் அவரைப் பார்க்கப் போனார். இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. இளைஞருக்கு வயது இருபத்தைந்து. அவர்தான் பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று நாடு கொண்டாடிய உ. வே. சாமிநாதையர்.

தஞ்சை ஜில்லாவில் உத்தமதானபுரம் அவருடைய ஊர். ஏழைக் குடும்பம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல வருஷம் கூடவே இருந்து படித்தவர். அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் உற்சாகத்துடன் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் மலர்ச்சியே இல்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டார். இவற்றுக்கும் மூலமான பழைய நூல்கள் இருக்கின்றனவே, சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை.

நம்மில் பலர் அத்தோடு எழுந்து வந்திருப்போம். அந்த வாசற்படியை மறுபடி மிதித்திருக்க மாட்டோம். ஐயருக்கும் மனம் சுருங்கத்தான் செய்தது. ஆனாலும் அவர் திரும்பவும் போனார். முதலியாரும் வந்தவரை விட்டுவிடவில்லை. தம்மிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, படித்துப் பாருங்கள் என்றார். கோர்ட்டு வேலை போக மிச்ச நேரத்தில் ஐயருடன் உட்கார்ந்து தாமும் படித்தார்.

படிக்கப் படிக்கச் சந்தேகங்கள் கிளம்பின. சிந்தாமணி சமண சமயக் காவியம். ஐயரோ சைவத்தில் ஊறியவர். யாரைக் கேட்பது? கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் தெருவுக்குப் போனார். அங்கே ஒரு வீட்டு வாசலில் தோரணம் கட்டி, கோலம் போட்டிருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தார். ஆறு மாதமாக நடந்துவந்த சிந்தாமணி படனம் அன்று பூர்த்தியாயிற்றாம்! எந்த நூலுக்குப் பொருள் தெரியாமல் தவித்தாரோ, அதை அந்த வீட்டில் திருவிழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஐயருக்கு உடம்பு புல்லரித்தது.

வேறு சமயத்தவர் ஆயிற்றே என்று அவர்கள் தயங்கவில்லை. போன போதெல்லாம் உட்காரவைத்து, கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னார்கள். முக்தி பெறத் தகுந்த உயிரைப் பவ்ய ஜீவன் என்பது சமண மரபு. அந்தச் சொல்லால் அவரைப் பாராட்டியவரும் உண்டு.

1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது.

அப்புறம் ஊர் ஊராக ஏடு தேடும் வேலை. ரயில் போகாத ஊருக்கு மாட்டுவண்டி. தெரியாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, க்ஷேமலாபம் விசாரித்து, பிறகு மெதுவாக, பரணில் பழைய ஏடு உண்டா என்று கேட்க வேண்டும். சில இடங்களில் அவர் போய்ச் சேருமுன்பே காரியம் கெட்டுப்போயிருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் நெஞ்சம் பதறிவிட்டது. ஆழ்வார்திருநகரியிலோ கவிராயர் வீட்டார் தேடியெடுத்துக் கொடுத்த ஏட்டில் பத்துப்பாட்டு இருந்தது. 1889-இல் அது புத்தகமாயிற்று. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. முதலியார் கேட்ட நூல்கள் மூன்றும் தமிழர் கைக்கு வந்துவிட்டன.

ஐயர் 1942-இல் காலமானார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, எண்பத்து நான்கு வயதில், தம் வாழ்க்கைக் கதையை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். தம்மைக் குன்றிப்போகச் செய்த அந்த முதல் சந்திப்பையும் மறைக்காமல் அதில் எழுதினார். அறுபது வருஷம் கழிந்தும் அவருக்கு நாள்கூட மறக்கவில்லை. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை.