விஞ்ஞானி பி. கே. ஐயங்கார்

கடலூர்க் கரையில் நின்று அலைகளை நோக்கும் மாணவர், அந்நீரில் அடங்கிய ஆற்றலை எண்ணுவது அரிது. கடல்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,400க்கு ஒன்று டியூட்டீரியம் என்னும் கனமான அணுவாகும். அத்தகைய அணுக்கள் இரண்டு ஒன்றாய்ச் சேருமாயின் பெருஞ்சக்தி வெளிப்படும். சூரியனையொத்த வெப்பமின்றி அவற்றைச் சேர்க்க இயலுமோவென ஆராயத் துணிந்து, தம் கீர்த்தியையே பணயமாக வைத்தவர் காலஞ்சென்ற பி. கே. ஐயங்கார்.

இவர் 1931ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் தேதி பிறந்தார். 1952இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். பின்னர்க் கனடா தேசஞ் சென்று, புரோக்ஹவுஸ் என்னும் பேரறிஞருடன் நியூட்ரான் சிதறலை ஆராய்ந்தார். நாடு திரும்பியபின், 1972இல் பூர்ணிமா அணு உலையை இயங்கச் செய்த குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1974இல் நிகழ்ந்த போக்ரான் சோதனையிலும் முக்கிய பங்கு கொண்டார். 1984இல் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார்.

1989ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி, அமெரிக்காவில் பிளீஷ்மன், பான்ஸ் என்னும் இருவர் ஒரு புதுமையை அறிவித்தனர். கனஜலத்தில் பல்லேடியத்தை வைத்து மின்சாரம் செலுத்தியபோது, ரசாயன மாறுதலால் விளக்கவொண்ணாத வெப்பம் தோன்றிற்று என்பதே அது. பல்லேடியம், பஞ்சு நீரை உறிஞ்சுமாறு ஹைட்ரஜனை உறிஞ்சும் உலோகம். பலர் நகைத்தனர். ஐயங்காரின் நிலையத்திலோ பல குழுவினர் தனித்தனியே அச்சோதனையைச் செய்தனர். சில வாரங்களில் நியூட்ரான்களும் டிரிடியமும் கண்டதாக அறிவித்தனர்.

ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. டியூட்டீரிய அணுக்கள் சேருங்கால் அவ்விரண்டும் ஏறக்குறையச் சம அளவிற் பிறத்தல் வேண்டும். இங்கோ ஒரு நியூட்ரானுக்குச் சுமார் 10 கோடி டிரிடிய அணுக்கள் காணப்பட்டன! இம்முரண்பாட்டை அவர் மறைத்தாரல்லர். உள்ளது உள்ளவாறே வெளியிட்டார்.

பிற நாட்டு ஆய்வுச்சாலைகள் பலவற்றில் அவ்விளைவு தோன்றவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க அரசாங்கத்தார் நியமித்த குழுவும் சான்று போதாதென முடிவு செய்தது. 1990இல் ஐயங்கார் அணுசக்திக் கமிஷனின் தலைவரானார். அவர் பதவி நீங்கியபின் பம்பாயில் அவ்வாராய்ச்சி நின்றுபோயிற்று. முதுமையிலும் அதனை மீண்டும் தொடங்குமாறு அவர் வற்புறுத்தி வந்தார். 2011 பிப்ரவரியில் அப்பொருள் பற்றிய சர்வதேச மாநாடு சென்னையிற் கூடிற்று. அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் தேதி அவர் இயற்கை எய்தினார்.

அவர்தம் சான்றை விஞ்ஞான உலகில் பெரும்பாலோர் இன்றும் ஏற்றிலர். அவர் பிழைபட்டிருக்கவுங் கூடும். எனினும், பிறர் நகைப்புக்கு அஞ்சிச் சோதியாமல் விடுதலும், தம் கருத்துக்கு மாறான கணக்கை ஒளித்தலும் அவரிடத்து இல்லை. மாணவராகிய நாம் அவர்பாற் கற்கத்தக்கது இதுவேயாம்.