கென்னத் ஆண்டர்சன்

கென்னத் டக்ளஸ் ஸ்டூவர்ட் ஆண்டர்சன் (மார்ச் 8, 1910 – ஆகஸ்ட் 30, 1974) தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் வேட்டையாடியவரும், அந்த அனுபவங்களை ஆங்கிலத்தில் நூல்களாக எழுதியவரும் ஆவார். இவர் பெங்களூரில் வாழ்ந்தவர். எனினும் இவரது புகழ்பெற்ற வேட்டைகளுள் பல அன்றைய சேலம் மாவட்டத்தின் வடபகுதிக் காடுகளில் நடைபெற்றன. வின்செஸ்டர் 1895 வகையைச் சேர்ந்த .405 ரைபிளே இவர் பெரிதும் பயன்படுத்திய ஆயுதமாகும்.

இளமையும் பணியும்

ஆண்டர்சன் ஐதராபாத் அருகே உள்ள பொலாரம் என்னும் ஊரில் பிறந்தார். இவரது குடும்பம் ஸ்காட்லாந்தை மூலமாகக் கொண்டு, பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்து வந்த குடும்பமாகும். தந்தை இராணுவக் கணக்குத் துறையில் பணியாற்றினார். தந்தையின் வேட்டை ஆர்வமே மகனையும் காட்டின்பால் ஈர்த்தது. பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித யோசேப்பு கல்லூரியிலும் கல்வி கற்ற ஆண்டர்சன், சட்டம் பயில எடின்பரோ சென்றார். ஆனால் படிப்பை முடிக்காமலேயே இந்தியா திரும்பினார்.

அஞ்சல் தந்தித் துறையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் பணியாற்றிய பின்னர், பெங்களூரில் இருந்த விமானத் தொழிற்சாலையில் மேலாளர் பொறுப்பு வகித்தார். வேட்டை இவரது தொழில் அன்று. விடுமுறை நாட்களிலேயே இவர் காடுகளுக்குச் சென்றுவந்தார்.

பழைய சேலம் மாவட்டம்

ஆண்டர்சன் காலத்துச் சேலம் மாவட்டம் இன்றுள்ளதைவிட மிகப் பெரியது. தெற்கே சேலம், நாமக்கல் சமவெளிகளும், வடக்கே ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் ஆகிய பகுதிகளின் மலைக்காடுகளும் அதில் அடங்கியிருந்தன. 1965-இல் தருமபுரி மாவட்டமும், 1997-இல் நாமக்கல் மாவட்டமும் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டன. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானது. ஆகவே ஆண்டர்சனின் நூல்களில் சேலம் மாவட்டத்து ஊர்களாகக் குறிக்கப்படும் ஜவளகிரி, கும்ளாபுரம், அஞ்செட்டி, பென்னாகரம் முதலியன இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உள்ளன.

காவிரி இம்மலைக்காடுகளின் வழியே ஒகேனக்கல்லை அடைந்து, மேட்டூரைக் கடந்த பின்னர் சமவெளியில் பாய்கிறது. சமவெளியில் உழவு பரவிவிட்ட காலத்திலும் வடக்கில் மூங்கிற் புதர்களும் முட்செடிகளும் அடர்ந்த காடுகள் எஞ்சியிருந்தன. அவற்றின் ஓரத்தில் இருந்த சிற்றூர்களில் ஆடு மாடு மேய்ப்போரும் விறகு, மூங்கில் வெட்டுவோரும் வாழ்ந்தனர். ஆட்கொல்லி விலங்குகளுக்கு இரையானோருள் பெரும்பாலோர் இவர்களே.

இம்மக்களிடம் தற்காப்புக்கு ஏற்ற துப்பாக்கி இருப்பது அரிது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெறவேண்டும் என்று விதித்தது. ஐரோப்பியர்களுக்கு நெடுங்காலம் அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. இதனால் ஒரு புலி மனிதரைக் கொல்லத் தொடங்கினால், வெளியிலிருந்து துப்பாக்கியுடன் வருபவரை எதிர்பார்த்தே ஊர் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆயுதத் தெரிவு

ஆட்கொல்லியைத் தேடிப் போகிறவருக்கு ஆயுதத்தின் ஆற்றலைப் போலவே, அதைச் சுமக்கும் வசதியும் முக்கியமானது. நாள் முழுதும் நடக்கும்போது தோளை வருத்தாத எடை, நொடிப்பொழுதில் சுடும் நிலைக்கு வருதல், புதரில் சிக்கி ஓசை எழுப்பாமை ஆகியன கருதப்படவேண்டியவை.

சுமப்பதற்கு மிக எளியது ரிவால்வர் ஆகும். இடுப்புக் கச்சையில் மாட்டும் உறையிலோ, தோளில் வார்களால் பிணைத்து அக்குளின் கீழ்த் தொங்கவிடும் உறையிலோ அதனை வைத்துக்கொண்டால் இரு கைகளும் ஓய்வாக இருக்கும். தோளுறையில் எடை இரு தோள்களுக்கும் பகிரப்படுவதால், நெடுநேரம் அமர்ந்திருப்பவர்க்கும் வண்டி ஓட்டுபவர்க்கும் அது ஏற்றது. ஆனால் அக்காலத்தில் பிரித்தானியப் படையினர் பயன்படுத்திய வெப்லி ரிவால்வர் தோட்டாவின் ஆற்றல், .405 ரைபிள் தோட்டாவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாய்ந்துவரும் புலியை அது நிறுத்தும் என நம்ப இயலாது. காயம்பட்டுத் தப்பும் விலங்கோ முன்னிலும் ஆபத்தானது.

மறுபுறம், பெருவிலங்கு வேட்டைக்கென இங்கிலாந்தில் செய்யப்பட்ட இரட்டைக்குழல் ரைபிள்கள் ஆற்றல் மிக்கவை. ஆயினும் அவற்றுள் பல 5 கிலோகிராம் அளவுக்கு எடை கொண்டவை, விலை மிகுந்தவை, இரு குண்டுகளுக்குப் பின் மீண்டும் நிரப்பப்பட வேண்டியவை. குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் இத்தகைய இரட்டைக்குழல் ரைபிள் ஒன்றையும், எடை குறைந்த .275 ரிக்பி ரைபிளையும் பயன்படுத்தினார்.

ஆண்டர்சன் கைக்கொண்ட வின்செஸ்டர் 1895 இவ்விரு வகைகளுக்கும் இடைப்பட்டது. அமெரிக்கரான ஜான் பிரவுனிங் வடிவமைத்த இதன் எடை ஏறத்தாழ 4 கிலோகிராம். விசைக்குக் கீழுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறி அடுத்த தோட்டா உள்ளே செல்லும். பெட்டியில் 4 தோட்டாக்களும் குழலில் ஒன்றுமாக 5 முறை சுடலாம். இதன் சுத்தியல் வெளியே தெரியும்படி அமைந்தது. எனவே குழலில் தோட்டாவுடன் சுத்தியலைப் பாதியளவில் நிறுத்தி நடந்து செல்லவும், தேவைப்படும்போது கட்டைவிரலால் முழுதும் பின்னிழுக்கவும் இயலும். 1904-இல் அறிமுகமான .405 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 19 கிராம் எடையுடையது. முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் 1909–10 ஆப்பிரிக்கப் பயணத்தில் சிங்க வேட்டைக்கு இதே வகை ரைபிளை எடுத்துச் சென்றார்.

இதற்குக் குறைகளும் உண்டு. தோட்டாப் பெட்டி அடியில் துருத்திக்கொண்டிருப்பதால், ஒரு கையால் நடுவில் பிடித்துத் தூக்கிச்செல்வது வசதியன்று. நெம்புகோலை இயக்கும்போது எழும் ஓசை அமைதியான காட்டில் தெளிவாகக் கேட்கும். குண்டு குட்டையானது என்பதால், யானை போன்ற தடித்த விலங்குகளின் உடலை ஆழமாக ஊடுருவும் திறன் அதற்குக் குறைவு.

இரவில் பரணிலோ குடிசையிலோ காத்திருக்கும்போது ஆண்டர்சன் குழலோடு மின்கல விளக்கு ஒன்றைப் பொருத்திக்கொள்வார். ரைபிளுக்கு இரு கைகளும் வேண்டியிருப்பதால் விளக்கைத் தனியே பிடிக்க இயலாது. விலங்கு அருகில் வந்துவிட்டது என்பதை ஓசையால் உறுதிசெய்த பின்னரே விளக்கை ஏற்றிச் சுடுவது இவரது முறையாகும்.

ஆட்கொல்லி வேட்டைகள்

அரசுப் பதிவுகளின்படி 1939 முதல் 1966 வரை ஆண்டர்சன் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் சுட்டார்.

கும்ளாபுரம் பகுதியில் 42 பேரைக் கொன்றதாக இவர் எழுதியுள்ள சிறுத்தை இவற்றுள் ஒன்று. வீட்டுக் கூரைகளையும் கதவுகளையும் பிய்த்து நுழைந்து அது மக்களைக் கொன்று வந்தது. ஊருக்குள்ளேயே இரவுகளில் காத்திருந்த ஆண்டர்சனுக்கு, அவருடன் ஒட்டிக்கொண்ட தெருநாய் ஒன்று சிறுத்தை வருவதை உணர்த்தியது. சிறுத்தையைச் சுட்ட பின்னர் அந்த நாயைத் தம்முடன் அழைத்துச் சென்று, நிப்பர் என்று பெயரிட்டு வளர்த்தார்.

ஜவளகிரிப் பெண்புலியின் வரலாறு வேறு வகையானது. அதன் இணை சுட்டுக் கொல்லப்பட்டது. பின்னர் அதுவும் குண்டடிபட்டுத் தப்பியது. அதன் பிறகே அது மனிதரைக் கொல்லத் தொடங்கியது. இறுதியில் ஆண்புலியின் குரலைப் போல ஒலி எழுப்பி அதனைத் தம்மிடம் வரவழைத்துச் சுட்டார் ஆண்டர்சன். குறி தவறிச் சுடுவதும், காயம்பட்ட விலங்கைத் தொடராமல் கைவிடுவதும் ஆட்கொல்லிகளை உருவாக்கக்கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும். காயம்பட்ட விலங்கைப் பின்தொடர்ந்து முடிக்கும் பொறுப்பு சுட்டவருக்கே உரியது என்பதை இவரது நூல்கள் பல இடங்களில் வலியுறுத்துகின்றன.

பென்னாகரத்தைச் சேர்ந்த ரங்கா, சின்னாற்றங்கரைக் காட்டில் வாழ்ந்த பைரா ஆகியோர் இவருக்குத் துணையாக இருந்தனர். காலடித் தடங்களையும் காட்டின் ஓசைகளையும் அறிந்துகொள்வதில் பைராவிடமிருந்து தாம் கற்றவை பல என ஆண்டர்சன் எழுதியுள்ளார்.

நூல்கள்

இவரது முதல் நூலான நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்டு ஒன் ரோக் 1954-இல் வெளிவந்தது. மேன்-ஈட்டர்ஸ் அண்டு ஜங்கிள் கில்லர்ஸ் (1957), தி பிளாக் பாந்தர் ஆஃப் சிவனிபள்ளி (1959), தி கால் ஆஃப் தி மேன்-ஈட்டர் (1961), திஸ் இஸ் தி ஜங்கிள் (1964), தி டைகர் ரோர்ஸ் (1967) முதலியன தொடர்ந்து வந்தன. ஜங்கிள்ஸ் லாங் அகோ இவரது மறைவுக்குப் பின் 1976-இல் வெளியானது. வேட்டை நிகழ்ச்சிகளோடு சிற்றூர் மக்களின் வாழ்க்கை, நம்பிக்கைகள், மூலிகைகள், காட்டு வழிகள் ஆகியவற்றையும் இந்நூல்கள் பதிவு செய்துள்ளன.

பிற்காலமும் மறைவும்

காடுகள் சுருங்குவதையும் விலங்குகள் அருகுவதையும் நேரில் கண்ட ஆண்டர்சன், பிற்காலத்தில் வேட்டையைவிடப் பாதுகாப்பையே முதன்மையாகக் கருதினார். துப்பாக்கிக்குப் பதிலாக ஒளிப்படக் கருவியுடன் காட்டுக்குச் செல்வதையும் வரவேற்றார். 1972-இல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் ஆண்டர்சன் புற்றுநோயால் காலமானார். இவருடைய மகன் டொனால்ட் ஆண்டர்சனும் வேட்டையில் பெயர்பெற்றவர். அவர் 2014-இல் மறைந்தார்.

ஆண்டர்சன் நடந்த காடுகளின் பெரும்பகுதி இன்று பாதுகாக்கப்பட்ட பகுதியாகும். 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022-இல் ஜவளகிரி, அஞ்செட்டி வனச்சரகங்களை உள்ளடக்கிய காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன.